ஜனவரி 15-க்குள்: உறையும் ஏரியில் கப்பல்களும் ரயில்களும்



இந்த அவையில் பறவைகளைப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் சிற்பங்களை, திருவிழாக்களை, மழைக்காட்டுத் தவளைகளைப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைப் பேச அழைத்திருப்பது சரக்குக் கப்பல்களையும் சரக்கு ரயில்களையும் குளிர்காலத்தில் தேடிப்போய்ப் படம் எடுக்கிறவர்களைப் பற்றி. இதைச் செய்யும்படி யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, யாரும் காசு கொடுப்பதுமில்லை. இருந்தும் விடியுமுன் எழுந்து, நான்கைந்து உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கல்சுவர் ஓரத்தில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது நானும் அவர்களோடு நின்றேன். அதனால் உலகம் முழுவதையும் பற்றிப் பேசாமல் எனக்குத் தெரிந்த ஓர் ஊரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த ஊரின் பெயர் டுலூத்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடைக்கால வெயிலில் எடுத்த படத்தில் கப்பல் ஒரு பொருளாகத் தெரிகிறது. நிறம், நீளம், வடிவம் எல்லாம் இருக்கும்; நாள்காட்டியில் அச்சிடலாம். குளிர்காலத்தில் எடுத்த படத்தில் அதே கப்பல் ஒரு வேலையாகத் தெரிகிறது. எதை எதிர்த்து அது போகிறது, யார் அதை ஓட்டுகிறார்கள், எதற்காக இவ்வளவு அவசரம் என்பதெல்லாம் படத்துக்குள் வந்துவிடுகின்றன. ரயிலுக்கும் இது பொருந்தும். குளிரைத் தேடிப் போகிறவர்கள் உண்மையில் தேடிப் போவது இந்த உழைப்பைத்தான் என்பது என் நம்பிக்கை.

டுலூத் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பேரேரிகளில் மிகப் பெரியது சுப்பீரியர் ஏரி. அதன் மேற்கு முனையில், மலைச்சரிவில் ஏறி இறங்கும் ஊர் டுலூத். விரிகுடாவின் மறுகரையில் விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே துறைமுகம். அட்லாண்டிக் கடலிலிருந்து நீர்வழியாக 3,700 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, ஒரு கண்டத்தின் நடுவே இருக்கும் துறைமுகம் அது. கடல்வழிக் கப்பல்களும் அங்கே வரும். அவற்றை ஊர்க்காரர்கள் ‘சால்ட்டி’ என்பார்கள். ஏரிகளுக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க ஓடும் கப்பல்களுக்கு ‘லேக்கர்’ என்று பெயர். கரையில் வயதானவர்கள் எல்லோரும் ‘போட்’ என்றுதான் சொல்வார்கள். முந்நூறு மீட்டர் நீளக் கப்பலும் அவர்களுக்குப் படகுதான்.

இந்தத் துறைமுகம் அங்கே இருப்பதற்குக் காரணம் இரும்பு. வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் மெசாபி மலைத்தொடர். 1890-ல் மெரிட் என்ற குடும்பத்துச் சகோதரர்களின் ஆட்கள் அங்கே மவுண்டன் அயர்ன் என்ற இடத்தில் தாதுவைக் கண்டார்கள். 1892-ல் முதல் தாது ரயிலேறியது. அன்றிலிருந்து இன்று வரை வழி ஒன்றே. சுரங்கத்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து துறைமேடை, துறைமேடையிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து மிச்சிகன் ஏரிக்கரையிலும் ஈரி ஏரிக்கரையிலும் இருக்கும் உருக்காலைகள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா உருக்கிய எஃகில் பெரும்பங்கு இந்த ஒரு மலைத்தொடரின் தாதுவிலிருந்து வந்தது.

தாது ஏற்றும் துறைமேடையை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கடினம். கரையிலிருந்து ஏரிக்குள் அறுநூறு, எழுநூறு மீட்டர் நீளும் ஓர் உயரமான பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலம் எங்கும் போய்ச் சேராது, நீரின் நடுவே நின்றுவிடும். ரயில் அதன் உச்சியில் ஏறி நிற்கும். பெட்டிகளின் அடிக்கதவு திறக்கும். தாது மேடைக்குள் இருக்கும் அறைகளில் விழும். பக்கத்தில் கப்பல் வந்து கட்டியதும் அறைகளின் சரிவுக்குழாய்களைக் கீழே இறக்குவார்கள். தாது தன் எடையாலேயே சரிந்து கப்பலின் வயிற்றுக்குள் போகும்.

இதில் ஓர் அளவு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். அந்தத் தாதுப் பெட்டிகளின் நீளம் 24 அடி. மேடையின் அறைகள் 12 அடிக்கு ஒன்று. ஏரிக் கப்பல்களின் மேல்தளத் திறப்புகளை 24 அடிக்கு ஒன்றாக அமைத்தார்கள். ரயிலும் மேடையும் கப்பலும் ஒரே அளவுகோலில் பிறந்தவை. அதனால்தான் டுலூத்திலும், வடக்கே கரையோரம் இருக்கும் டூ ஹார்பர்ஸ் ஊரிலும் படம் எடுக்கிறவர்கள் ‘நான் கப்பல்காரன்’, ‘நான் ரயில்காரன்’ என்று பிரிந்து நிற்பதில்லை. ரயிலைப் படம் எடுத்தவர் அந்தத் தாது எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

இனி, ஏன் குளிர்காலம் என்பதற்கு வருகிறேன்.

சுப்பீரியர் ஏரி மற்ற ஏரிகளைவிட ஆறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கீழே இறங்கக் கப்பல்களுக்கு ஒரே வழி, சூ செயின்ட் மேரி என்ற ஊரில் இருக்கும் நீர்ப்பூட்டுகள். ‘சூ லாக்ஸ்’ என்பது வழக்கு. அங்கே 1,200 அடி நீளமுள்ள ‘போ’ என்ற பூட்டு ஒன்றுக்குள்தான் ஆயிரம் அடிக் கப்பல்கள் நுழைய முடியும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 நள்ளிரவில் அந்தப் பூட்டுகளை அடைத்துவிடுவார்கள். நீரை இறைத்துவிட்டுக் கதவுகளையும் சுவர்களையும் பழுது பார்ப்பார்கள். வழக்கமாக மார்ச் 25 வாக்கில்தான் மறுபடி திறக்கும். 1970-களில் ஆண்டு முழுவதும் கப்பல் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை நடந்தது; அது நிலைக்கவில்லை. ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரைக்கும் அந்த ஏரியில் ஓடும் ஒவ்வொரு கப்பலும் ஒரு தேதியை நோக்கி ஓடுகிறது. சால்ட்டிகளுக்குக் கெடு இன்னும் முன்பே வந்துவிடும். கடலுக்குக் கொண்டுசெல்லும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி மூடுவதற்குள் அவை வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் வசந்தம் வரை உள்ளேதான்.

உருக்காலைகளுக்கு மார்ச் கடைசி வரை தாங்கும் கையிருப்பு வேண்டும். அதனால் எல்லாரும் ‘இன்னும் ஒரு நடை’ என்று முயல்கிறார்கள். ஏரி உறைந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் இந்த அவசரம். கடலோரக் காவல்படையின் பனியுடைக்கும் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வழி வெட்டிக்கொண்டிருக்கும். ரயில்கள் இரவும் பகலும் மலையிலிருந்து இறங்கும். இவ்வளவும் நடக்கும்போது வெப்பநிலை மைனஸ் இருபது, மைனஸ் இருபத்தைந்து வரை போவது அரிதல்ல. படம் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த அவையில் எல்லாரும் கேமரா பிடிப்பவர்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். டுலூத் ஏறத்தாழ 47-ஆவது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் சென்னையில் அது 53 டிகிரிக்கு மேல். நாம் காலை ஏழரை, எட்டு மணிக்குப் பார்க்கும் சாய்ந்த வெயில் அங்கே உச்சிப்பொழுதிலும் இருக்கும். பகல் எட்டரை மணி நேரம்தான், ஆனால் அந்த எட்டரை மணி நேரமும் பக்கவாட்டு ஒளி. கோடையில் ரயிலைப் படம் எடுத்துப் பாருங்கள்: கூரை பளபளக்கும், சக்கரங்கள் கறுத்த நிழலில் மறைந்துபோகும். குளிர்கால ஒளி நேராக அடியில் நுழைந்து சக்கரத்தையும், வில்லையும், பிரேக் கட்டையையும் காட்டுகிறது. தரையில் கிடக்கும் வெண்பனி கீழிருந்தும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ரயிலின் வேலை நடக்கும் இடம் அந்த அடிப்பகுதிதான். அதைத் துலக்கிக் காட்டும் பருவம் இதுவே.

கப்பலுக்கு வேறொன்று இருக்கிறது. அங்கே அதைச் ‘சீ ஸ்மோக்’ என்பார்கள், கடல்புகை. அந்த ஏரி மிக ஆழமானது, நானூறு மீட்டர் வரை ஆழம் உண்டு. கோடையில் வாங்கிய வெப்பத்தை எளிதில் விடாது. நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போது மைனஸ் இருபத்தைந்து டிகிரிக் காற்று அதன்மேல் வந்து படிந்தால், எழும் நீராவி அந்தக் கணமே புகையாகிவிடும். நம் மூடுபனி போல அது சும்மா படுத்துக்கிடப்பதில்லை. சுருள் சுருளாக எழுந்து, திருகி, காற்றோடு ஓடும். விடியலில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழும்போது அந்தப் புகை முழுக்கச் செம்மஞ்சள் ஏறும். அதற்குள்ளிருந்து ஒரு கப்பல் வரும். முதலில் கொடிமரம், பிறகு மாலுமி அறை மட்டும் தனியாக மிதப்பது போலத் தெரியும், உடல் எங்கே என்று தெரியாது. நெருங்கியதும்தான் முன்பக்கத்தைப் பார்ப்போம். அலை தெறித்த நீரெல்லாம் அதன்மேல் உறைந்து, நங்கூரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனிக்கட்டி அப்பியிருக்கும். அந்தப் பனிக்கட்டியின் தடிமனைப் பார்த்தே வழியில் ஏரி எப்படி இருந்தது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்படி வரும் கப்பல் நுழைவது டுலூத் கப்பல் கால்வாய் வழியாக. 1871-ல் ஊர்க்காரர்கள் மணல்திட்டை வெட்டித் திறந்த வழி அது. இன்று அகலம் 300 அடி. ஆயிரம் அடிக் கப்பலின் அகலம் 105 அடி. இரண்டு பக்கமும் கல்சுவர் நீண்டு போகிறது, அதன்மேல் பொதுமக்கள் நடக்கலாம். அதாவது, அறுபதாயிரம் டன் சுமக்கும் கப்பல் ஒரு தெருவின் அகலத்துக்கு அப்பால் உங்கள் முன்னால் போகும். உலகில் வேறு எங்கு இவ்வளவு அருகில் நிற்க விடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கால்வாயின் குறுக்கே தூக்குப்பாலம். 1905-ல் தொங்கும் பெட்டியில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாலமாகக் கட்டியதை 1930 வாக்கில் மேலே தூக்கும் பாலமாக மாற்றினார்கள். மாலுமித் தலைவர் வணக்கம் சொல்ல விரும்பினால் மூன்று நீண்ட ஒலி, இரண்டு குற்றொலி கொடுப்பார். பாலமும் அதே ஒலியில் பதில் சொல்லும். மைனஸ் இருபதில் அந்த ஒலி நெஞ்செலும்பில் வந்து இறங்குவதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

எங்கே நிற்பது என்று கேட்பீர்கள். சூரியன் நாள் முழுக்கத் தெற்கில்தான் இருக்கிறது. தெற்குச் சுவரில் நின்றால் வெயில் உங்கள் முதுகில். கப்பலின் பெயரும் துருவும் பனியும் தெளிவாக விழும். வடக்குச் சுவரில் நின்றால் எதிர்வெயில். கப்பல் கறுத்துப்போகும், புகை எரியும். இரண்டும் வேறு வேறு படங்கள். ஆவணமாக வேண்டும் என்றால் தெற்கு. அன்றைய குளிர் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும் என்றால் வடக்கு. நான் பெரும்பாலும் வடக்கையே தேர்ந்தேன்.

ரயில்களுக்கு வருகிறேன். டுலூத்துக்கு மேலே பிராக்டர் என்ற ஊர். சுரங்கங்களிலிருந்து வரும் தாது ரயில்கள் அங்கே சேர்ந்து, பிறகு செங்குத்தான சரிவில் ஏரிக்கரைக்கு இறங்கும். சுமையேறிய ரயிலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். குளிர்காலத்தில் இன்னும் கடினம். தூளாகப் பறக்கும் வெண்பனி சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் புகுந்து உறைந்துவிடும். அதை உருக்கிவைக்க, தேவை இல்லாதபோதும் ஓட்டுநர் அவ்வப்போது பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வருவார். கடுங்குளிரில் பெட்டிகளுக்கு இடையிலுள்ள ரப்பர் இணைப்புகள் இறுகி, பிரேக் குழாயில் காற்று கசியும். நீண்ட ரயிலின் கடைசிப் பெட்டி வரை அழுத்தத்தைக் காப்பது கடினம் என்பதால் ரயிலைக் குட்டையாக்கி ஓட்டுவார்கள். இது தெரிந்தவர் எடுக்கும் படமும் தெரியாதவர் எடுக்கும் படமும் வேறு வேறு. தெரிந்தவர் சரிவின் வளைவில் காத்திருந்து, சக்கரங்களிலிருந்து சூடும் வெண்தூளும் சேர்ந்து எழும் இடத்தைப் படத்தில் கொண்டு வருவார்.

அந்தத் தடத்தில் முன்பு ஓடியது டுலூத், மிசாபே அண்ட் அயர்ன் ரேஞ்ச் ரயில்வே. ஊரில் ‘மிசாபே’ என்றாலே போதும். 2004-ல் அது கனடியன் நேஷனல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் நீராவி நாட்களில் ‘யெல்லோஸ்டோன்’ என்ற பெரும் எஞ்சின்கள் இருந்தன. 1941-லும் 1943-லும் பால்ட்வின் நிறுவனம் கட்டிக் கொடுத்த பதினெட்டு எஞ்சின்கள். மூன்று மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று டுலூத்தின் பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில், ஒன்று பிராக்டரில், ஒன்று டூ ஹார்பர்ஸில். அந்தக் காலத்துக் கச்சாத் தாது ஈரமானது. இலையுதிர்காலக் கடைசியிலேயே பெட்டிக்குள் பாறையாக உறைந்துவிடும். பெட்டிகளுக்குள் நீராவி செலுத்தி உருக்கி இறக்குவார்கள். 1950-களின் நடுவில் டாக்கனைட் என்ற, இரும்பு குறைந்த தாதுவை அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, சிறு உருண்டைகளாகச் சுட்டு அனுப்பும் முறை பெரிய அளவில் தொடங்கியது. கோலிக்குண்டைவிடச் சிறிய அந்த உருண்டைகள் அவ்வளவு எளிதில் ஒட்டி உறையாது. டிசம்பரைத் தாண்டியும் தாது ஓடுகிறது என்றால் அதில் இந்த உருண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் இன்று பார்க்கும் ஜனவரிப் படங்களே அதனால் கிடைத்தவை.

நீராவி எஞ்சினைப் படம் எடுத்தவர்கள் குளிரை நாடியதற்கு எளிய காரணம்: வெளியேறும் நீராவி குளிர்ந்த காற்றில் உடனே வெண்மேகமாகத் திரண்டுவிடும். கோடையில் அதில் பாதி கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் நீராவியின் கடைசி ஆண்டுகளை ஜிம் ஷானசி என்பவர் பனியிலும் இரவிலும் எடுத்து வைத்தார். தெற்கே வர்ஜீனியா பக்கம் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்களை இரவில், பல ஃப்ளாஷ் விளக்குகளை ஒரே கணத்தில் எரியவிட்டு எடுத்தார். அவர் விளம்பரப் படக்காரர். ஆனால் இந்தப் படங்களைச் செய்யும்படி யாரும் அவரை அமர்த்தவில்லை. சொந்தச் செலவில், அந்த ரயில்கள் போய்விடும் என்று தெரிந்து செய்தார். நம் காலத்திலும் அப்படி ஒன்று நடந்தது. சீனாவின் உள் மங்கோலியாவில் ஜிங்பெங் கணவாயில், 2005 டிசம்பர் வரை, இரட்டை நீராவி எஞ்சின்கள் சரக்கு இழுத்தன. கடைசிக் குளிர்காலங்களில் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போய் அந்த மலையில் நின்றார்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும், வெளியே வைத்த பேட்டரி பாதி நேரத்தில் நின்றுவிடும். அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் மறுபடி உயிர் வரும். வெண்பனி நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், அது கணிப்பதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். பனி பெய்யும்போது தானாகக் குவியும் லென்ஸ் பனித்துகள்களின் பின்னால் ஓடும், முன்கூட்டியே ஓர் இடத்தில் குவித்துப் பூட்டிவிடுங்கள். உலோக முக்காலியை வெறுங்கையால் தொடாதீர்கள். மூச்சை வ்யூஃபைண்டரின் மேல் விடாதீர்கள், அது அங்கேயே உறையும். எல்லாவற்றிலும் முக்கியமானது வீடு திரும்பியபின் செய்வது. சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் ஈரம் வியர்த்து உள்ளே இறங்காமல், பையின் வெளிப்பக்கத்தில் வியர்த்து நிற்கும். அறைச் சூடு கேமராவுக்கு வரும் வரை பையைப் பிரிக்கக் கூடாது, எவ்வளவு ஆவலாக இருந்தாலும்.

நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். பனியின் நிழல் நீலமானது. வானத்தின் நீலம் அதில் விழுகிறது. கணினியில் அந்த நீலத்தைத் துடைத்துப் பளிச்சென்று வெள்ளையாக்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நீலத்தை எடுத்துவிட்டால் குளிரும் போய்விடுகிறது. மிஞ்சுவது சோப்பு விளம்பரத்து வெள்ளை. அப்படிச் செய்யாதீர்கள்.

இனிச் சொல்வதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தக் கல்சுவர்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1905 நவம்பர் 28-ல் பெரும்புயல். மட்டாஃபா என்ற தாதுக் கப்பல் கால்வாய்க்குள் நுழையப் பார்த்து, சுவரில் மோதி, கரைக்கு மிக அருகில் முறிந்தது. ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் கரையில் தீமூட்டி இரவெல்லாம் நின்றார்கள். படகு போக முடியவில்லை. கப்பலின் பின்பகுதியில் இருந்த ஒன்பது பேர் எல்லார் கண்ணெதிரிலும் உறைந்து இறந்தார்கள். அந்தப் புயலுக்குப் பிறகுதான் கரையோரம் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் எழுந்தது, 1910-ல். 1967 ஏப்ரல் 30-ல், அதே சுவரிலிருந்து மூன்று பதின்வயதுச் சகோதரர்களை அலை அடித்துக்கொண்டு போனது. அவர்களைத் தேடிப் போன கடலோரக் காவல்படை வீரர் எட்கர் கல்பர்ட்சனும் இறந்தார். அவருக்கு அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பனிக்கட்டி படிந்த சுவரில் அலை ஏறும் நாளில் கரையில் நின்று எடுத்த படம் போதும். ரயில் நிலமும் அப்படித்தான். தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். வெண்பனி படர்ந்தால் ரயிலின் ஓசையும் அமுங்கிவிடும். பொதுச்சாலையும் பாலமும் போதுமான இடம் தருகின்றன. உங்களை எண்ணி ஓட்டுநர் ஒரு கணம் அஞ்சினாலும் அந்தப் படத்தை எடுத்திருக்கக் கூடாது.

ஜனவரி 15 கடந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று பலர் கேட்பார்கள். எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. டுலூத்திலும் சுப்பீரியரிலும் பல கப்பல்கள் குளிர்கால ஓய்வுக்குக் கட்டியிருக்கும். ஓய்வு என்று பெயர்தான். வெல்டர்கள், எஞ்சின் பழுது பார்ப்பவர்கள், வண்ணம் பூசுபவர்கள் என்று கப்பலுக்குள் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஏரி நீரில் உப்பு இல்லாததால் இந்தக் கப்பல்கள் நீண்ட காலம் வாழ்கின்றன. 1952-ல் ஓடத் தொடங்கிய ஆர்தர் எம். ஆண்டர்சன் போன்றவை எழுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. அந்த ஆண்டர்சன்தான் 1975 நவம்பர் 10 இரவில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் பின்னால் வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் முதல் நாள் சுப்பீரியர் துறைமுகத்தில் தாது உருண்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. புயலில் 29 பேரோடு மூழ்கியது. விரிகுடாவின் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்த ஆண்டர்சனை, ஆட்களைத் தேட மறுபடி புயலுக்குள் போகச் சொன்னார்கள். அது திரும்பிப் போனது. ஓய்வில் கட்டியிருக்கும் அந்தக் கப்பலைப் பார்க்கும்போது, படம் எடுப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கின் பயன் என்ன என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நிறுவனங்கள் புதிய கப்பலை நீரில் இறக்கும் நாளில் படம் எடுக்கும், புதிய எஞ்சினை வாங்கும் நாளில் படம் எடுக்கும். அதற்கு அப்புறம் நாற்பது ஆண்டு அது எப்படி உழைத்தது என்பதை எடுத்து வைப்பது பெரும்பாலும் இந்தப் பொழுதுபோக்காளர்கள்தான். விஸ்கான்சினின் மேடிசன் நகரில் 1997-ல் தொடங்கிய ஒரு மையம் ரயில் படக்காரர்களின் தொகுப்புகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஏரிக் கப்பல்களின் படங்களும் பல்கலைக்கழக நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. அவற்றில் பல, பகலில் வேறு வேலை பார்த்த மனிதர்கள் எடுத்தவை.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். தேதி, மணி, இடம், கப்பலின் பெயர், எங்கிருந்து வந்தது, எதை ஏற்றியிருந்தது, எந்தத் திசையில் போனது, வெப்பநிலை, காற்று. ரயில் என்றால் எஞ்சின் எண், எத்தனை பெட்டி, சுமையா வெறுமையா. கணினியில் சேர்க்கும்போதே எழுதிவிடுங்கள். அழகான படத்தில் பெயர் இல்லாமல் போனால் ஆவணக் காப்பாளர்கள் புகைபோக்கியின் நிறத்தை வைத்தும், ஜன்னலை எண்ணியும் அது எந்தக் கப்பல் என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் அதில் வேலை செய்கிறவர்களையும் எடுங்கள். மேல்தளத்தில் பனிக்கட்டியை உடைப்பவர், கயிறு வீசுபவர், தண்டவாளப் பிரிவில் பனியைத் தள்ளுபவர். கப்பல் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த ஆட்களின் படங்கள் மிகக் குறைவு.

இப்போது திரையில் படங்களைக் காட்டுகிறேன். முதல் படம் டூ ஹார்பர்ஸ் துறைமேடை, ஜனவரி முதல் வாரம், பிற்பகல். மேடையின் உச்சியில் ரயில் நிற்கிறது, கீழே கப்பலில் தாது ஏறுகிறது. படத்தின் இடது ஓரத்தில், கப்பலின் மூன்றாவது திறப்புக்குப் பக்கத்தில், நீராவிக் குழாயைப் பிடித்துக்கொண்டு இருவர் மூடியின் பனியை உருக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்குவோம்.